சத்தம் இல்லாத தண்டை

வெளியே கிளம்பும்போது ஸ்வர்ணலதா இடது கையில் இருக்கும் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கதவுக்குப் பின்னால் அடித்திருக்கும் ஆணியில் மாட்டுவாள். பிறகுதான் செருப்பைத் தேடுவாள். வலது கை வளையல்களைத் தொடமாட்டாள். திரும்பி வந்ததும் செருப்பை விடுகிற கையோடு ஆணியைத் தடவி எடுத்து மறுபடி போட்டுக்கொள்வாள்.

மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் போர்ஷனும் அவர்களுடையதும் எதிரெதிரே இருக்கின்றன. நான் வாசலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு சேலைகளுக்கு ஃபால்ஸ் அடிக்கிறவள். கதவைத் திறந்தால் அவள் கதவுதான் தெரியும். அவள் கல்யாணமாகிக் குடி வந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏதோ வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாய் விட்டுக் கேட்க எனக்கு வராது. பள்ளிக்கூடத்திலும் வரவில்லை, அதை விட்ட பிறகும் வரவில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் அவசரத்தில் கழற்ற மறந்து போய்விட்டாள் போலிருக்கிறது. திரும்பி வரும்போது மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படி ஏறினாள். கைக்குட்டை சிவந்திருந்தது.

"இன்னாம்மா இது, ரத்தம் வருது!"

"ஒண்ணுமில்லக்கா. ஒருத்தர் ரோடு தாண்டி விட்டாரு."

"ரோடு தாண்டி வுட்டா ரத்தம் வருமா?"

"மணிக்கட்டப் புடிச்சு இழுப்பாங்கக்கா. வலது கையில குச்சி இருக்கும், இடது கைதான அவங்களுக்கு வாகு. இழுக்கற இழுப்புல வளையல் ஒடஞ்சு உள்ள எறங்கிரும்." பிறகு சிரித்தாள். "நான் ரோட்டத் தாண்டவே நிக்கல. உங்களுக்குப் பூ வாங்கலாம்னு நின்னேன். அந்தப் பக்கம் கொண்டு போயி விட்டுட்டு, நல்லா இரும்மான்னு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டாரு. நான் திரும்ப இந்தப் பக்கம் வரவேண்டியதாப் போச்சு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் தெரியாதவளைத் தாண்டிவிட்டுப் புண்ணியம் தேடுகிறவனுக்கு அவள் கை ஒரு கைப்பிடி. 'கூட வரட்டுமா' என்று ஒரு வார்த்தை கேட்கக்கூட நேரமில்லை. இந்த ஊரில் அவள் கையைப் பிடிக்காதவர்கள் இல்லை. கை கொடுத்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கை கொடுப்பது எப்படி என்று எனக்குக் காட்டியவளும் அவள்தான். "நீங்க என்னப் பிடிக்காதீங்க. உங்க முழங்கைய நீட்டுங்க, நான் பிடிச்சுக்கறேன்." அவ்வளவுதான் வித்தை. முன்னால் போகிறவளின் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவளுக்கு முழங்கையிலேயே தெரிந்துவிடும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு தெருவின் நீளம் போதுமாக இருந்தது. அவளைப் பெற்றவர்களுக்கு இன்னும் போதவில்லை.

அவளுடைய அப்பா அய்யாதுரை தெற்கேயிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை வைத்து ஆளானவர். வெண்கலப் பானையைத் தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லிவிடுவாராம். சின்ன வயதில் இவளையும் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு முக்காலியில் உட்கார வைத்திருக்கிறார். இவளும் தட்டிப் பார்த்து, இது நல்லது, இது ஓட்டை என்று சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறாள். வாங்க வந்தவர்கள் பானையைப் பார்க்காமல் இவளைப் பார்த்து 'பாவம்' என்றார்கள். மறுவாரத்திலிருந்து கடைக்குக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டார். பாவம் என்று சொன்னவர்களை அவர் நிறுத்தவில்லை.

வீட்டிலே அம்மா பங்கஜம். கெட்ட மனுஷி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மகளுக்குத் தலை வாரிவிடுவாள், மீனில் முள் எடுத்துக் கொடுப்பாள், பூரியைப் பிய்த்துத் தட்டில் போடுவாள். கத்தியைத் தொட்டால் "கைய எடுட்டி, நான் இருக்கேன்லா" என்பாள். அடுப்பங்கரைப் பக்கம் போனாலும் அதே பேச்சுதான். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்து நல்ல மார்க்கோடு பாஸ் பண்ணிய பெண், வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தானாக மொண்டு குடித்ததில்லை. விட்டால்தானே!

அடையாறில், பார்வையில்லாதவர்களுக்கு அன்றாட வேலைகளைச் சொல்லித் தரும் ஒரு மையம் இருக்கிறது. அங்கே சேர வேண்டும் என்று ஸ்வர்ணலதா வீட்டில் சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கினாள். அங்கேதான் குச்சி பிடித்து நடக்கவும், சத்தத்தை வைத்துத் தீயின் அளவைச் சொல்லவும், டம்ளர் விளிம்பில் விரல் நுனியைத் தொங்கவிட்டுக் காபி ஊற்றவும், புடவை மடிக்கவும், வெங்காயம் அரியவும் படித்தாள். பின்னால் கட்டிக்கொண்ட முருகனைச் சந்தித்ததும் அங்கேதான். சைதாப்பேட்டைக்காரன், ஓர் அலுவலகத்தில் தொலைபேசி பார்க்கிற வேலை. அவனுக்குக் கொஞ்சம் நிழலாட்டம் தெரியும். "எனக்கு நெழல் தெரியும்க்கா, அவளுக்கு நெழல் வுழுற சத்தமே கேக்கும்" என்று பெருமையடித்துக்கொள்வான்.

அவள் பிள்ளையாண்டபோது மாநிலமே கலங்கின மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போவேன். அங்கே இருந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "அவங்களுக்கு இது எத்தனாவது மாசம்?" என்றாள். "அவங்க இரும்பு மாத்திர சாப்புடறாங்களா?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஸ்வர்ணலதாதான், "சிஸ்டர், கண்ணுதான் தெரியாது. காது இருக்கு, வாயும் இருக்கு. என்கிட்டயே கேளுங்க" என்றாள். அதற்கும் அந்த அம்மாள் என்னைப் பார்த்தே, "கோவம் வருதே அவங்களுக்கு!" என்று சொல்லிவிட்டு, "பொறந்தா யாரு வளக்கப் போறது?" என்றாள்.

வளைகாப்பை அய்யாதுரை குறையில்லாமல்தான் செய்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். பங்கஜம் அம்மாள் மகளின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வயித்துப் பிள்ளைக்கு மொதல்ல கேக்குதது இந்தச் சத்தம்தான்ட்டி. இத வச்சுத்தான் அம்மான்னு அடையாளம் தெரியும்" என்று சொன்னாள். அவள் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு வேண்டியிருக்கும்.

பெண் பிறந்தது. ஷ்ரேயா என்று பெயர் வைத்தார்கள். மையத்திலிருந்து நிஷா டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்களின் மேல் போட்டுக் குளிப்பாட்டுவது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர், சூட்டை முழங்கையின் உள்பக்கத்தில் பார்க்கணும் என்று டீச்சர் வரிசை வைத்துத் தந்தார். மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சின் இழுக்கிற தண்டில், மருந்தின் அளவுக்குக் கத்தியால் ஒரு சின்ன வெட்டு. நகம் அதில் தட்டினால் நிறுத்த வேண்டும். நகம் வெட்ட ஸ்வர்ணலதா யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளையின் விரலை வாயில் வைத்து, பல்லால் பூப்போலக் கொறித்து எடுத்துவிடுவாள்.

தவழ ஆரம்பித்ததும் டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்று: "கொலுசு போடுங்க. முத்து நெறைய இருக்கட்டும்."

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் கொலுசுகளை என் முன்னால் பரப்பி, "பாப்பாவுக்கு எந்த டிசைன் வேணும், பாருங்கம்மா" என்றார்.

ஸ்வர்ணலதா கையை நீட்டினாள். "டிசைன் வேணாங்க. சத்தம் காட்டுங்க."

ஒவ்வொன்றாகக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். மெல்லிசான, முத்து நெருக்கமான ஒரு ஜோடியை எடுத்தாள். அன்று முதல் அந்த வீட்டில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று எனக்கே பார்க்காமல் தெரிந்தது. அடுப்பங்கரைப் படியில் சலசல, பீரோ பக்கம் சலசல, என் வாசலில் சலசல. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இன்னொரு ஏற்பாடும் தானாகவே அமைந்துவிட்டது. ஸ்வர்ணலதா தரையில் உட்கார்ந்து இரண்டு கை வளையல்களையும் குலுக்கினால், எந்த மூலையில் இருந்தாலும் பிள்ளை சிரித்துக்கொண்டு மடிக்கு வந்துவிடும். இதை டீச்சர் சொல்லித் தரவில்லை. யாருமே சொல்லித் தரவில்லை.

இனிமேல் சொல்லப் போவதை நினைத்தால் எனக்கு இன்றும் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை.

ஒரு நாள் காலை பங்கஜம் அம்மாளும் மகன் முத்துகிருஷ்ணனும் வந்தார்கள். கடையை இப்போது பார்த்துக்கொள்வது அவர்தான். பேத்திக்குக் கெட்டி வெள்ளியில் தண்டை செய்து கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே முத்து கிடையாது, நல்ல கனம். ஸ்வர்ணலதா காபி போட உள்ளே போனாள். பங்கஜம் அம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொலுசைக் கழற்றித் தன் பைக்குள் வைத்தாள். தண்டையை மாட்டினாள். கீழே இறக்கிவிட்டாள். பிள்ளை தவழ்ந்து போய் இரும்புக் கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால் நுழைந்து, எங்கோ கிடந்த ஒரு பவுடர் டப்பா மூடியைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்தது. என் மெஷினிலிருந்து எல்லாம் தெரிந்தது.

ஸ்வர்ணலதா காபியோடு வந்தாள். "பாப்பா எங்கம்மா?"

"இங்கனதான் இருந்தா" என்று பங்கஜம் அம்மாள் கட்டிலைக் காட்டக் கையைத் தூக்கினாள். முத்துகிருஷ்ணன் உதட்டில் விரலை வைத்து அம்மாவைத் தடுத்தார். மறு கையில் போனைப் பிடித்திருந்தார்.

பெற்றவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்வர்ணலதா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள். ஒன்றுமில்லை. "ஷ்ரேயாக்குட்டி!" ஒன்றுமில்லை. சட்டென்று குரல் மாறிப் போயிற்று. "கதவு தெறந்திருக்கா? யாராவது சொல்லுங்க, மாடிப்படி..." முட்டி போட்டுக்கொண்டு தரையைத் துழாவினாள். பீரோவுக்கு அடியில், கதவுக்குப் பின்னால். காபி டம்ளர் கவிழ்ந்து புடவையில் ஓடியது. அவளுடைய அண்ணன் அதையும் போனில் எடுத்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவன்!

நான் எழுந்து போய்ப் படிக்கட்டின் மேல்படியில் நின்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "படிக்கு வரல ஸ்வர்ணா, நான் நிக்கிறேன். யோவ், கொயந்த எங்க கீதுன்னு உனுக்குத் தெரியுதுல்ல? சொல்லாம இன்னாத்துக்குப் புடிச்சிகினு கீற? ஸ்வர்ணா, கொயந்த..."

"சொல்லாதீங்கக்கா." கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். "வெளியே போகலைல்ல? அது போதும்."

அறையின் நடுவில் உட்கார்ந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி வளையல்களைக் குலுக்கினாள்.

பவுடர் மூடி தரையில் விழுந்து உருண்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து கெக்கலி கேட்டது. தலையில் ஒட்டடையோடு பிள்ளை வெளியே வந்து, நேராக மடியில் ஏறியது.

ஸ்வர்ணலதா முதலில் பிள்ளையின் காலைத் தடவினாள். "கொலுசு எங்கம்மா?"

"அது கருத்துத் தகரம் மாதிரி கெடந்துதுட்டி. அய்யாதுரை பேத்தி கால்ல அதயா போடுவாவ? சலசலன்னு, பூம்பூம் மாடு மாதிரி. மெருகு போட்டுத் தாரேன்" என்று பங்கஜம் அம்மாள் பையை இறுக்கிக்கொண்டாள். அவளுக்கு அது தகரம். சத்தமில்லாததுதான் கௌரவம். அந்தச் சத்தம்தான் மகளுக்குக் கண் என்பது, வளைகாப்பில் அத்தனை அழகாகப் பேசிய வாய்க்குத் தெரியவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். அன்று மாலை முருகன் போனை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். அவர்கள் போன் வருகிற செய்திகளையும், கூட வருகிற பொம்மைப் படங்களின் பெயரையும் வாய்விட்டுப் படிக்கும். குடும்பத்தார் எல்லோரும் இருக்கிற குழுவில் வந்தவற்றை அது ராகமில்லாமல் படித்துக்கொண்டிருந்தது. "பாவம் ஸ்வர்ணா. சத்தமாக அழும் முகம். சத்தமாக அழும் முகம். பிள்ளையை நினைச்சா பகீர்னு இருக்கு. கூப்பிய கைகள். கூப்பிய கைகள். கூப்பிய கைகள்."

"அக்கா, மச்சான் இன்னாவோ வீடியோ போட்டுக்கிறாரு. எங்க ரெண்டு பேருக்கும் சத்தந்தான் கேக்குது. இதுல இன்னா கீது, பாத்து சொல்லேன்."

பார்த்தேன். அவள் தரையைத் துழாவுவது இருந்தது. காபி கொட்டுவது இருந்தது. 'யாராவது சொல்லுங்க' இருந்தது. என் குரல் வருவதற்கு முன்னால் முடிந்துவிட்டது. வளையல் இல்லை. பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தது இல்லை. கட்டிலுக்கு அடியில் பிள்ளை இருப்பது தெரிந்தும் அண்ணன் உதட்டில் விரல் வைத்தது எப்படி இருக்கும்? விரல் வைத்தவர் கையில்தானே போன்!

சொன்னேன். எதிர்க் கதவில் நின்று ஸ்வர்ணலதா கேட்டுக்கொண்டிருந்தாள். வீடியோவுக்கு அடியில் அண்ணன் எழுதியிருந்ததைப் போன் படித்தது: ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். தி. நகர் வீட்டில் வளரட்டும். அவள் வாரம் ஒரு முறை வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அவள் அழவில்லை. "அக்கா, லெஹங்காவுக்குத் தைக்கிற குட்டி மணி உங்ககிட்ட இருக்குமா? ஃபால்ஸ் துணியில ரெண்டு துண்டும் வேணும்" என்றாள். கொடுத்தேன். ஊசியும் கேட்டாள். நான் தைத்துத் தருகிறேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். உட்கார்ந்து அவளே தைத்து, பிள்ளையின் இரண்டு காலிலும் கட்டினாள். ஒன்று கொஞ்சம் கோணல். சத்தம் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அய்யாதுரை காரில் வந்தார். பங்கஜம் அம்மாளும் கூட இருந்தாள். பிள்ளையின் துணிகளை வைக்க ஒரு காலிப் பையும் கையில் இருந்தது. வீடியோ எடுத்தவர் வரவில்லை. கதவு திறந்தே இருந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"நாங்க என்ன எதிரியாம்மா? கொஞ்சம் பெருசாகட்டும். ஓடியாடுத வயசு வந்ததும் கொண்டாந்து விட்டுருதோம்" என்றார் அய்யாதுரை.

"இப்ப என்ன நம்பி விடாதவங்க, ஓடியாடுறப்ப மட்டும் எதுக்குப்பா தருவீங்க?"

"சரி, எங்க முன்னால ஒரு நாள் நீயே குளிப்பாட்டி, சோறு ஊட்டிக் காட்டு. பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

"காட்ட மாட்டேன்" என்றாள் ஸ்வர்ணலதா. "மதினிகிட்ட யாராவது பரீட்ச வச்சீங்களா? போன வருஷம் மதினியோட பிள்ள கட்டில்லேருந்து உருண்டு விழுந்து நெத்தியில தையல் போட்டாங்க. கண்ணு பட்டுருச்சுன்னு உப்பு மொளகா சுத்திப் போட்டீங்க. என் பிள்ள கட்டிலுக்கு அடியில போனா, கண்ணு தெரியலன்னு பிடுங்க வர்றீங்க. உருண்டு விழுந்த பிள்ள அங்க, ஒரு கீறல் இல்லாத பிள்ள இங்க. எந்தப் பிள்ளய எங்க கொண்டு போகணும், நீங்களே சொல்லுங்கப்பா."

பங்கஜம் அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் ஒன் நல்லதுக்குத்தானட்டி..."

"அம்மா, நான் தொழாவுனப்ப பாப்பா எங்க இருந்தான்னு ஒனக்குத் தெரியும்தான?"

அய்யாதுரை மனைவியைப் பார்த்தார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன? அவர் மனைவியையும் ஒன்றும் கேட்கவில்லை, மகளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முருகன் மட்டும் சுவரில் சாய்ந்தபடியே, "மாமா, காபி குடிச்சிட்டுப் போங்க. ஸ்வர்ணா போட்ட காபி. கொட்டாது" என்றான்.

ஸ்வர்ணலதா தண்டையைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தாள். அவர் வழக்கப்படி அதை விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். கெட்டி வெள்ளி, சத்தம் வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்கள சொல்லாத" என்று படியிறங்கினார். காலிப் பை காலியாகவே திரும்பிப் போயிற்று.

ஷ்ரேயாவுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. அம்மாவோடுதான் இருக்கிறாள். மெருகு போடக் கொண்டுபோன கொலுசு வரவே இல்லை; முருகன் வேறு வாங்கிப் போட்டுவிட்டான். பங்கஜம் அம்மாள் பண்டிகைக்கு மட்டும் வருகிறாள். வந்தாலும் மகள் கையிலிருந்து கத்தியை வாங்கிவிடுகிறாள். முத்துகிருஷ்ணன் எடுத்த வீடியோவை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அழிக்கவில்லை. ஸ்வர்ணலதா தினமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறாள். தெருவில் கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிளம்பும்போது அவள் இடது கை வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாள்.